உரிமையா? உபகாரமா?
(இலங்கையில் விசேட கல்வியும் அரசாங்கப் பணமும்)

கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டனர் நம் முன்னோர். கண்ணொளியின்றிப் பிறந்த பிள்ளைக்கு அக்கல்விக் கண்ணை அளிப்பவர் யார்? அதற்குரிய பணம் எவர் கையிலிருந்து வரவேண்டும்? இவ்வினாக்களுக்கு நம் நாடு கூறிவந்த விடையை இச்சிறு கட்டுரையில் ஆராய விரும்புகின்றோம்.

வெள்ளவத்தையிற் பஸ் ஏறிக் காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றால், தெகிவளையும் கல்கிசையும் கடந்து இரத்மலானையை அடையலாம். செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் இந்நாட்டில் அமைந்த பழம்பெரும் பாடசாலை அங்கேதான் உள்ளது. மிஷனரியான மேரி சாப்மன் அம்மையார் 1912ஆம் ஆண்டில் அப்பணியைத் தொடங்கினார். இங்கிலாந்திலோ அத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வியளிப்பதைக் கல்வி அதிகாரிகளின் கடமையாக்கும் சட்டம் 1893இலேயே பிறந்துவிட்டது. அதே ஆட்சியின் கீழிருந்த இலங்கைக்கு அச்சட்டம் கப்பலேறி வரவில்லை. அரசாங்கம் செய்யத் தவறியதை ஓர் அம்மையார் செய்தார். மிஷன் பாடசாலையிற் பயின்ற பற்றினால் இவ்வாறு கூறுகின்றோம் என எவரும் எண்ணவேண்டாம். சரித்திரம் கூறுவது இதுவே.

அக்காலத்து முறை யாதெனின், சபைகளும் சங்கங்களும் பாடசாலைகளை நிறுவி நடத்தும். அரசினர் உதவி நன்கொடை வழங்குவர். நம் சைவப் பாடசாலைகளும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் அம்முறையிலேயே வளர்ந்தன. 1945இல் கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. பின்னர், 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசின் கையில் ஒப்படைத்தன. ஊர்ப் பாடசாலையின் முழுச் செலவும் திறைசேரியின் பொறுப்பாயிற்று.

விசேட பாடசாலைகளின் கதை வேறு. இரத்மலானைப் பாடசாலையும், தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956இல் கைதடியில் எழுந்த நஃபீல்ட் பாடசாலையும், அவை போன்ற பிறவும் பழைய முறையிலேயே நின்றன. இன்றும் இருபதுக்கு மேற்பட்ட விசேட பாடசாலைகள் இவ்வாறு நடைபெறுகின்றன. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கின்றது. பிள்ளைகளின் பேரில் ஒரு சிறு படியும் கொடுக்கின்றது. எஞ்சிய செலவுக்கு நடத்துவோர் கொடையாளரை நாடவேண்டும். ஒரே தாய் வயிற்றிற் பிறந்த இருவருள், ஒருவனுக்குக் கல்வி உரிமையாயிற்று, மற்றவனுக்கு உபகாரமாயிற்று.

“இப்பணிக்கு அர்ப்பணிப்பு வேண்டும், அதனை உடையவர் கையிலே இருப்பதே நன்று” எனப் பெரியோர் சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மையுண்டு. ஆயின், ஒருவர் அர்ப்பணிப்போடு உழைக்கின்றார் என்பதற்காக அவரைக் கையேந்த விடலாமா?

1960களின் இறுதியில் வேறொரு வழி திறந்தது. விழிப்புலனற்ற பிள்ளைகள் சாதாரண அரசாங்கப் பாடசாலைகளிலேயே சேர்க்கப்படலாயினர். நாளடைவில் விசேட கல்வி அலகுகள் நூற்றுக்கணக்கில் தோன்றின. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணமாகக் காட்டி எக்கல்வி நிறுவனமும் அனுமதியிற் பாரபட்சம் காட்டலாகாது என விதித்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்டது.

சட்டம் வந்துவிட்டது; பணம் வந்ததா? நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்னும் கணக்கு இங்கே பொருந்தாது. ஐந்தாறு பிள்ளைகளுக்கே பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் வேண்டும், பிரெய்ல் நூல் வேண்டும், சாய்தளம் வேண்டும், போக்குவரத்து வேண்டும். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவும் இதில் இடறியது. 1975இல் இயற்றிய சட்டத்தில், ஒரு மாணவருக்கு நாடு செலவிடும் சராசரித் தொகையின் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரலாமென வகுத்தார்கள். அவ்வெல்லையை அந்நாடு இன்றுவரை எட்டவில்லை.

கொட்டாஞ்சேனையில் நாம் அறிந்த குடும்பமொன்றில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கின்றான். தங்கை வெள்ளைச் சீருடை அணிந்து புறப்படும்போது அவனும் படலைவரை செல்வான், பின்பு திரும்பிவிடுவான். “இவனுக்குக் கற்பிக்கத் தமிழ் ஆசிரியர் இல்லை” என்று ஒரு பாடசாலையிற் கூறிய சொல்லோடு தாயார் திரும்பி வந்தார். அனுமதி மறுக்கலாகாது என்னும் சட்டம் உண்டென அவருக்கு எடுத்துரைத்தவர் எவருமில்லை. நாமும் சொல்லவில்லை, அப்போது நமக்கே தெரியாது.

பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் இல்லங்களுக்கு அன்னதானம் செய்யும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அது தொடரட்டும். அதனோடு நம் சங்கத்து இளைஞர் இன்னொரு பணியையும் ஏற்பாராக. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடசாலை செல்லாது வீட்டிலிருக்கும் பிள்ளைகளை ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடி அறிவோம். பெற்றோருடன் வலயக் கல்விப் பணிமனைக்குச் சென்று, ஆசிரியர் வேண்டுமென எழுத்திற் கேட்போம். சட்டமறிந்த பெரியோர் அவ்விண்ணப்பங்களை எழுத உதவுவார்களாக. கேட்கப்படாத உரிமைக்குத் திறைசேரி தானாகப் பணம் ஒதுக்குவதில்லை. அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் அச்சிறுவன் படலையைத் தாண்டிச் செல்லவேண்டும் என்பதே நம் அவா.