அடி, கன அடி, ஆக்சிஜன்: பெங்களூரைச் சுற்றிய ஆறுகளை அளந்த வரலாறு

தமிழ்நாட்டில் நாளேடு படிக்கும் எவருக்கும் பிலிகுண்டுலு என்ற பெயர் தெரியும். நேரில் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ஆடி பிறந்துவிட்டால் போதும், அங்கே நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்ற வரி நாள் தவறாமல் அச்சாகும். அந்த எண்ணை ஆற்றில் இறங்கி எடுப்பவர்கள் மத்திய நீர் ஆணையத்தின் இளநிலைப் பொறியாளர் ஒருவரும் கலாசிகள் எனப்படும் சில உதவியாளர்களும்தான். அதை வைத்து எவ்வளவு நீர் திறக்கலாம் என்று பரிந்துரைக்கும் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவின் தலைமையிடம் பெங்களூரு. இந்த அளவீடு எப்படி உருவானது, எங்கிருந்து எங்கே நகர்ந்தது, எதை எண்ணியது, எதை எண்ணாமல் விட்டது என்பதே இக்கட்டுரையின் தேடல். என் வாதம் சுருக்கமானது. இப்பகுதியில் வழக்கு இருந்த ஆற்றில்தான் அளவுகோல் நடப்பட்டது. வழக்காட ஆளில்லாத ஆறு, அளக்கப்படாமலேயே வற்றியது அல்லது சாக்கடையானது.

தொடக்கம் பெங்களூரிலிருந்து வெகுதூரத்தில், திருச்சி முக்கொம்பில் இருக்கிறது. ஆர்தர் காட்டன் 1836-38இல் கட்டிய மேலணைக்கு வரும் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் குறித்துவைப்பது சென்னை மாகாணப் பொறியாளர்களின் வழக்கம். மைசூர் சமஸ்தானம் 1911இல் கண்ணம்பாடியில் அணை கட்டத் தொடங்கியபோது அந்த அடிக்கணக்கு தகராறின் மையமாயிற்று. கிரிஃபின் நடுவராகவும், பாசனத் துறைத் தலைமை ஆய்வாளர் நெதர்சோல் அவருக்குத் துணையாகவும் இருந்து 1914இல் தீர்ப்புச் சொன்னார்கள். சென்னை அதை ஏற்கவில்லை. பத்தாண்டு இழுபறிக்குப் பின் 1924 பிப்ரவரி 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தின் இணைப்பாக உள்ள ஒழுங்குமுறை விதிகள் இன்று படித்தாலும் வியப்பளிப்பவை. கண்ணம்பாடியில் எழுந்த கிருஷ்ணராஜசாகரில் மைசூர் நீரைத் தேக்கலாமா கூடாதா என்பதைப் பல நூறு கிலோமீட்டர் கீழே, மேலணையின் வடகரையில் நிற்கும் அளவுகோல் முடிவு செய்யும். ஒவ்வொரு மாதத்துக்கும் இத்தனை அடி என்று ஒரு வரம்பு. மட்டம் அதற்குக் கீழே போகாதபடி மேலே நீர் விடவேண்டும். இரண்டு அரசுகளின் உறவு ஒரு கோலின் கோடுகளில் தொங்கியது என்றால் மிகையில்லை.

ஆனால் அடி என்பது மட்டம், ஓட்டம் வேறு. காவிரி மணல் ஆறு. ஒரு வெள்ளம் படுகையை அரித்துவிட்டுப் போனால், அதே ஆறடி மட்டத்தில் அடுத்த மாதம் கூடுதல் நீர் போகும். மணல் மேடிட்டால் குறையும். மட்டத்தை ஓட்டமாக மாற்றும் கணக்கை அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் கோல் பொய் சொல்லும். இதைப் பொறியாளர்கள் அறிந்தே இருந்தார்கள். ஆயினும் கரையில் நின்று எவரும் படித்துச் சொல்லக்கூடிய அளவு அதுதான்; அதனாலேயே ஒப்பந்தத்தில் இடம்பெற்றது என்று கருதுகிறேன். இன்றும் நாம் மேட்டூரை அடியில்தான் பேசுகிறோம். 120 அடி என்றால் டெல்டாவில் ஒரு நிம்மதி.

விடுதலைக்குப் பின் ஆறுகளை அளக்கும் பொறுப்பின் பெரும்பகுதி மத்திய அமைப்பின் கைக்கு வந்தது. 1945இல் தொடங்கிய மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையமே பின்னாளில் மத்திய நீர் ஆணையமானது. காவிரிப் படுகையில் அதன் நிலையங்கள் வரிசையாக எழுந்தன: கொள்ளேகால், கபினியில் டி. நரசிபூர், அர்க்காவதியில் டி. பெக்குப்பே, எல்லையில் பிலிகுண்டுலு. எந்த மாநிலத்தின் ஆளும் அளக்காத, இருவரும் மறுக்கமுடியாத எண் ஒன்று வேண்டும் என்பதே இந்த நிலையங்களின் மதிப்பு.

அங்கே நடக்கும் வேலையைச் சற்று அருகில் பார்ப்போம். காலை எட்டு மணி. கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய கம்பிவடத்தைப் பிடித்தபடி படகு குறுக்கே போகும். ஆற்றின் அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் முதலில் ஆழம் பார்ப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் கோல், மிகுந்த இடத்தில் வடத்தில் தொங்கும் மீன் வடிவ எடை. பிறகு கரண்ட் மீட்டரை நீர்ப்பரப்பிலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்துக்கு இறக்குவார்கள். கிண்ணங்கள் பூட்டிய சிறு சக்கரம் அது. அமெரிக்கரான பிரைஸ் 1880களில் வடிவமைத்த அடிப்படை இன்னும் மாறவில்லை. சக்கரம் சுற்றச் சுற்ற வரும் ஒலியை ஒருவர் எண்ண, இன்னொருவர் கையில் நிறுத்து கடிகாரம். ஒவ்வொரு துண்டின் பரப்பையும் வேகத்தோடு பெருக்கிக் கூட்டினால் அன்றைய ஓட்டம். மட்டத்தை மழைக்காலத்தில் மணிக்கொரு முறையும், மற்ற நாட்களில் காலை 8, பகல் 1, மாலை 6 மணிக்கும் படிப்பார்கள். படகு இறக்கமுடியாத வெள்ளத்தில், முன்னர் அளந்துவைத்த மட்டத்தையும் ஓட்டத்தையும் இணைத்து வரைந்த வளைகோட்டிலிருந்து கணக்கிடுவார்கள். பதிவேட்டில் எழுதுவது கன மீட்டர். செய்தியாகும்போது அதை 35.3ஆல் பெருக்கிக் கன அடி ஆக்கிக்கொள்கிறோம். ஒரு நாள் முழுக்க வினாடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி.

இனி 1974க்கு வரலாம். இந்த வரலாற்றில் அந்த ஓர் ஆண்டில் மூன்று நிகழ்ச்சிகள் சேர்ந்து விழுகின்றன. பிப்ரவரியில் 1924 ஒப்பந்தத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தது. அது காலாவதியாகிவிட்டது என்று கர்நாடகமும், இல்லை என்று தமிழ்நாடும் வாதிடத் தொடங்கின. மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, செப்டம்பரில் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறந்தது. அதே ஆண்டு தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரி நீர் முதன்முறையாகப் பெங்களூரு ஏறியது. சுமார் நூறு கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரம். அளவு, தரம், நகரம் மூன்றும் ஒரே ஆண்டில் புறப்பட்டு வேறு வேறு அலுவலகங்களுக்குப் போய்விட்டன. பின்னர் நேர்ந்த குழப்பங்களில் பாதிக்கு வேர் இந்தப் பிரிவினையில் இருக்கிறது.

அளவின் கதை நமக்குப் பழக்கமானது. 1990இல் நடுவர் மன்றம். 1991 இடைக்கால உத்தரவில் மேட்டூரில் 205 டி.எம்.சி.; 2007 இறுதித் தீர்ப்பில் பிலிகுண்டுலுவில் 192; 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. எண்கள் குறைந்ததைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அளக்கும் இடம் நகர்ந்ததை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. 1924இல் முக்கொம்பு, 1991இல் மேட்டூர், 2007இல் பிலிகுண்டுலு. கோல் படிப்படியாக ஆற்றில் மேலேறிக் கடைசியில் எல்லையில் போய் நின்றுவிட்டது. கூடவே அலகும் மாறியது: கரையில் நின்று எவரும் படிக்கக்கூடிய அடி போய், படகும் மீட்டரும் வளைகோடும் தெரிந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய கன அடியும் டி.எம்.சி.யும் வந்தன. அந்தக் கலாசியின் எண்ணுக்கு வந்த கனம் 2016 செப்டம்பரில் தெரிந்தது. வினாடிக்கு 15,000 கன அடி விடுமாறு உத்தரவு வந்த சில நாட்களில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன.

தரத்தின் கதையைப் பெங்களூருக்குள்ளிருந்து சொல்லவேண்டும். நகரத்தின் முதல் குழாய்நீர் அர்க்காவதியிலிருந்து வந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1894இல், ஹெசரகட்டா ஏரி. அது கைவிட்டபோது, விசுவேசுவரய்யா தலைமையிலான குழுவின் யோசனைப்படி 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். காவிரி வந்த பிறகு இவை இரண்டும் மெல்ல மறக்கப்பட்டன. நீர்வரத்து சரிந்துகொண்டே வந்தது. ஏன்?

பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வீணா சீனிவாசன், சரத்சந்திர லேலே உள்ளிட்டோர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தரவுப் பற்றாக்குறை உள்ள பகுதி என்ற சொல் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. கோடி மக்கள் வாழும் நகரத்தை ஒட்டிய ஆற்றுக்கு இந்த நிலை! மேல் அர்க்காவதியில் நீண்டகால ஓட்டப் பதிவு இல்லாததால், நீர்த்தேக்கத்துக்கு வந்த நீரின் கணக்கை வைத்தே அவர்கள் பின்னோக்கிப் போகவேண்டியிருந்தது. மழை குறைந்ததா, வெப்பம் கூடியதா, தைல மரங்கள் உறிஞ்சினவா, ஆழ்துளைக் கிணறுகளா, ஓடைகளில் கட்டிய தடுப்பணைகளா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். மழையும் வெப்பமும் முதன்மைக் காரணமில்லை என்று விலக்கப்பட்டன, நிலத்தடி நீர் உறிஞ்சலும் தைல மரத் தோப்புகளும் முன்னே வந்தன, தடுப்பணைகளுக்கும் பங்குண்டு. பெக்குப்பேயில் மத்திய ஆணையத்தின் கோல் இருக்கிறதே என்று கேட்கலாம். அது நகரத்தின் சாக்கடை கலந்த பிறகு, கனகபுரா பக்கம் இருப்பது. அங்கே கோடையிலும் நீர் ஓடும். ஆறு பிழைத்துக்கொண்டது என்று அதைப் பார்த்து மகிழ்ந்தால் ஏமாந்துபோவோம்.

அந்த நீரைக் கொண்டுவருவது விருஷபாவதி. பசவனகுடி நந்தி கோயில் பக்கம் பிறந்து, மைசூர்ச் சாலையோரம் கறுப்பாக ஓடி, பைரமங்கலா ஏரி வழியாக அர்க்காவதியில் சேர்கிறது. ஆற்றில் கரைந்த ஆக்சிஜனை அளக்க வின்க்ளர் முறையைக் கையாள்வார்கள். முந்நூறு மில்லி கண்ணாடிப் புட்டியில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நீர் பிடித்து, மாங்கனீஸ் சல்பேட்டையும் காரக் கரைசலையும் விடுவார்கள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் திரண்டு அடியில் படியும். பிறகு அமிலம், ஸ்டார்ச்; நீலம் மறையும்வரை தயோசல்பேட் சொட்டு. ஆக்சிஜன் அறவே இல்லாத நீரில் வீழ்படிவு வெள்ளையாக நின்றுவிடும். அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். சாக்கடை நீரை முகர்ந்து பழகியவருக்கு அந்த வெள்ளை பேரதிர்ச்சி ஒன்றும் தராது. மாசு வாரியங்களின் வகைப்பாட்டில் குடிநீருக்கான அ-வகையில் தொடங்கி ஐந்தாம் படியில் இருப்பது பாசனத்துக்கும் தொழிற்சாலைக் குளிர்விப்புக்குமான வகை. விருஷபாவதி அந்தக் கடைசிப் படியில் நிற்கிறது. அந்தப் படிக்குக் கரைந்த ஆக்சிஜனுக்கான வரம்பே கிடையாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை, அலுவல் நேரத்தில் போய் ஒரு புட்டி நிரப்பி வந்தால் ஆற்றைப் பற்றி என்ன தெரியும்? ஆலைக் கழிவு அலுவல் நேரம் பார்த்து வருவதில்லை. ஏட்ரீ ஆய்வாளர்கள் விருஷபாவதியில் மணிக்கணக்கில் தொடர்ந்து மாதிரி எடுத்துக் கன உலோகங்களைத் தேடியது இதனால்தான். மட்டத்தை மழைக்காலத்தில் மணிக்கொரு முறை அளக்கும் நாடு, தரத்தை மாதக் கணக்கில் அளந்துவந்திருக்கிறது.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. காவிரி நடுவர் மன்றம் குடிநீர்ப் பயன்பாட்டில் 20 விழுக்காடு மட்டுமே செலவாகிறது என்றும், எஞ்சியது ஆற்றுக்குத் திரும்பிவிடுகிறது என்றும் கணக்கிட்டது. பெங்களூரில் மூன்றில் ஒரு பங்கே காவிரிப் படுகையில் வருகிறது என்ற மன்றத்தின் கருத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கி, நகருக்கு 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தது. 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீரின் ஐந்தாம் கட்டத் திட்டம் நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவந்தது. நகரத்தின் மேற்குப் பாதிக்குப் போகும் நீர் சாக்கடையாகி, விருஷபாவதி, அர்க்காவதி வழியாகச் சங்கமத்தில் காவிரியில் விழுகிறது. சங்கமத்துக்குக் கீழேதான் பிலிகுண்டுலு. கரண்ட் மீட்டரின் கிண்ணங்கள் எந்த நீருக்கும் ஒரேமாதிரிதான் சுற்றும். ஆகவே அந்தச் சாக்கடை நீரும் தமிழ்நாட்டுக்குத் தந்த பங்காகப் பதிவாகிறது.

கிழக்குப் பாதியின் கதை வேறு. அங்கே பயன்பட்ட காவிரி நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணைக்குப் போய்விடும். காவிரிக் கணக்கிலேயே வராது. நுரை பொங்கித் தீயும் பிடித்த பெல்லந்தூரை 2018 ஜனவரியில் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே நுரையை ஓசூர்க்காரர்கள் கெலவரப்பள்ளி அணையில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். தமிழ்நாடு 2015இல் இதற்காக உச்ச நீதிமன்றம் போனது. அதன் பிறகே மத்திய வாரியமும் இரு மாநில வாரியங்களும் சேர்ந்து மாதிரி எடுக்கும் நிலை வந்தது. 1914இல் ஓட்டத்துக்கு நடந்தது, நூறாண்டு கழித்துத் தரத்துக்கு நடக்கிறது: வழக்கு வந்தால்தான் இருதரப்பும் ஏற்கும் எண் பிறக்கிறது. 2018இல் மத்திய வாரியம் நாடெங்கும் அடையாளம் கண்ட 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளில் 17 கர்நாடகத்தில் இருந்தன. அர்க்காவதி அவற்றில் அடக்கம்.

உலக வங்கி உதவியோடு 1995இல் தொடங்கிய நீரியல் திட்டமும் அதன் தொடர்ச்சிகளும் ரேடார் மட்ட உணரிகளையும் செயற்கைக்கோள் வழித் தகவலையும் கொண்டுவந்தன. பெங்களூரின் ராஜகால்வாய்கள் எனும் மழைநீர் வடிகால்களிலும் வெள்ள எச்சரிக்கைக்காக உணரிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. கருவிகள் பெருகினாலும் உணரியில் குப்பை சிக்கினால் போய் எடுக்கவும், வளைகோட்டைச் சரிபார்க்கப் படகில் ஏறவும் ஆள்தான் போகவேண்டும். இந்தத் துறையில் அந்த ஆட்களைப் பற்றிய ஆய்வு இன்னும் தொடங்கவே இல்லை என்பது என் குறை.

பிலிகுண்டுலுவில் ஓட்டத்தோடு வண்டலும் நீரின் தரமும் குறித்த நாட்களில் சோதிக்கப்படுகின்றன. கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு என்பது அதே நிலையத்தின் பதிவேட்டில், கன அடியிலிருந்து சில பக்கங்கள் தள்ளி இருக்கிறது. நம் நாளேடுகள் நீர்வரத்து அச்சிடும் அதே பெட்டிச் செய்தியில் அந்த எண்ணையும் கேட்டு வாங்கிப் போடலாம். ஒரு வரிதான் கூடும்.