தி நேவிகேட்டர்: பிளேக்கும் காலப்பயணமும்

காலப்பயணக் கதைகளில் பெரும்பாலும் இக்காலத்து மனிதர் ஓர் இயந்திரத்தில் ஏறிப் பழங்காலத்துக்குச் செல்வார். 1988ஆம் ஆண்டு வெளிவந்த 'தி நேவிகேட்டர்: எ மெடீவல் ஒடிசி' என்னும் திரைப்படம் இதனைத் தலைகீழாக்கியது. இதில் 14ஆம் நூற்றாண்டின் சுரங்கத் தொழிலாளர்கள் 20ஆம் நூற்றாண்டுக்கு வருகின்றனர். அவர்களிடம் இயந்திரம் இல்லை. அச்சமும் நம்பிக்கையுமே அவர்களை அழைத்து வருகின்றன. நியூசிலாந்து இயக்குநர் வின்சென்ட் வார்டு இயக்கிய இப்படம் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளின் கூட்டுத் தயாரிப்பாகும்.

வரலாற்றுப் பின்னணி

கதை 1348இல் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கம்பிரியா பகுதியில் தொடங்குகிறது. கறுப்புச் சாவு எனப்பட்ட பிளேக் கொள்ளைநோய் 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய காலம் அது. அக்கண்டத்து மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாமல் மாண்டனர் என்பர். 1348 கோடையில் இங்கிலாந்தின் தென்கரையை அடைந்த நோய், அடுத்த ஆண்டில் வடபகுதிக்கும் பரவியது.

நோய் எதனால் வருகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. பிளேக் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894இல்தான். அதுவரை ஐந்தரை நூற்றாண்டுகள் மக்கள் நோன்பு, நேர்த்திக்கடன், புனித யாத்திரை ஆகியவற்றையும் நாடினர். இப்படத்தின் கதை முழுவதும் அத்தகைய ஒரு நேர்த்திக்கடனே.

கதைச் சுருக்கம்

கிரிஃபின் என்னும் சிறுவனுக்கு விசித்திரமான காட்சிகள் தோன்றுகின்றன. பூமியின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பெரிய தேவாலயத்தின் கோபுர உச்சியில், விடிவதற்குள் சிலுவை ஒன்றை நிறுத்தினால் ஊர் பிழைக்கும் என்று சுரங்கத் தொழிலாளர் நம்புகின்றனர். வெளியுலகம் சென்று திரும்பிய அவனுடைய அண்ணன் கானரும் வேறு சிலரும் சிறுவனுடன் புறப்படுகின்றனர். சிலுவை வார்ப்பதற்கான செம்பைச் சுமந்துகொண்டு, மண்ணைத் துளைத்துச் சென்று, இக்கால நியூசிலாந்து நகரம் ஒன்றில் வெளிவருகின்றனர்.

வாகனங்கள் பாயும் நெடுஞ்சாலையைக் கடப்பது அவர்களுக்கு உயிர்ப் போராட்டமாகிறது. ஒரு வார்ப்பாலைத் தொழிலாளர்கள் சிலுவையை வார்த்துத் தருகின்றனர். வெள்ளைக் குதிரையுடன் சிறு படகில் துறைமுகத்தைக் கடக்கும்போது, நீருக்குள்ளிருந்து நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று எழுகிறது.

காட்சியமைப்பு

ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி சிம்ப்சன் இடைக்காலப் பகுதியைக் கறுப்பு வெள்ளையிலும் நவீன நகரத்தை வண்ணத்திலும் படமாக்கினார். பனி மூடிய மலையும் தீப்பந்த ஒளியும் ஒரு புறம். இரவு நகரத்தின் விளக்குகள் மறுபுறம். நமக்குப் பழகிப்போன சாலை விளக்கும் ரயிலும் அந்தப் பயணிகளின் கண்கள் வழியே பார்க்கும்போது அச்சமூட்டும் அதிசயங்களாகின்றன.

நீர்மூழ்கிக் கப்பல் காட்சிக்கும் வரலாற்றுப் பொருள் உண்டு. அணுவாயுத எதிர்ப்பு, அந்நாளில் நியூசிலாந்தின் பெரிய அரசியல் சிக்கலாக இருந்தது. 1985இல் கிரீன்பீஸ் அமைப்பின் 'ரெயின்போ வாரியர்' கப்பல் ஆக்லாந்து துறைமுகத்தில் குண்டுவைத்து மூழ்கடிக்கப்பட்டது. 1987இல் நியூசிலாந்து அணுவாயுதமற்ற நாடாகச் சட்டம் இயற்றியது. இடைக்காலத்தின் பேரழிவு அச்சம் மறைந்துவிடவில்லை, உருமாறியிருக்கிறது என்பதை அக்காட்சி உணர்த்துகிறது.

முடிவும் அதன் பொருளும்

கோபுரத்திலிருந்து ஒருவர் விழுவதைக் கிரிஃபின் முன்பே தன் காட்சியில் கண்டிருந்தான். அது அண்ணனாக இருக்குமோ என்று அஞ்சுகிறான். ஆனால் விழுபவன் அவனே. பின்னர் கதை மீண்டும் சுரங்கத்துக்குத் திரும்புகிறது. பயணம் முழுவதும் அவன் தன் கூட்டத்தாருக்குச் சொன்ன கதை என்பது தெரிகிறது. ஊர் தப்பிவிட்டதாக எல்லோரும் மகிழும் வேளையில், கிரிஃபின் தன் உடலில் நோயின் அடையாளத்தைக் காண்கிறான். வெளியூரில் நோயுற்றுப் பிழைத்த கானர் அதை மறைத்திருந்தான். அண்ணனிடமிருந்து தொற்றிய நோயால் தம்பி இறக்கிறான்.

ஊர் தேடிய காப்பு உலகின் மறுகோடியில் இருந்தது. ஆபத்தோ அன்புக்குரிய ஒருவன் வழியே வீட்டுக்குள் வந்தது. வெளியிலிருந்து வருவோரைத் தனியே தங்கவைக்கும் ஏற்பாட்டை ரகூசா நகரம், இன்றைய குரோவாசியாவின் துப்ரோவ்னிக், 1377இல் சட்டமாக்கியது. தங்கவேண்டிய காலம் முப்பது நாள். கதை நிகழும் ஆண்டுக்குப் பின் 29 ஆண்டுகள் கழித்தே அந்த அறிவு சட்டமாயிற்று என்பதை எண்ணிப் பார்த்தால், கானரைக் குற்றம் சொல்வதும் எளிதன்று.

1988 கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற இப்படம், அதே ஆண்டில் ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனத்தின் சிறந்த படம், சிறந்த இயக்குநர் உள்ளிட்ட விருதுகளைப் பெற்றது. பிளேக் பற்றிய பாடங்களில் எண்களை மட்டும் படிக்கும் மாணவர்கள், அந்த எண்களுக்குள் இருந்த மனிதர்களின் அச்சத்தையும் துணிவையும் இப்படத்தில் காணலாம்.