மாதிரித் தொடர்வண்டிப் பொறிகளும் பெட்டிகளும்

மாதிரித் தொடர்வண்டிப் பொறிகளும் பெட்டிகளும் என்பவை, உண்மையான தொடர்வண்டிகளை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கி, மின்சாரத்தால் சிறு தண்டவாளத்தின் மீது ஓடுமாறு செய்யப்பட்ட உருவங்கள் ஆகும். இப்பொழுதுபோக்கில் ஆகும் செலவின் பெரும்பங்கு இவற்றுக்கே போகின்றது. எனவே குறைந்த பணத்தில் தொடங்குவோர் எதை முதலில் வாங்குவது, எதைத் தாமே செய்துகொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்தல் நல்லது. இக்கட்டுரை தஞ்சாவூர் – திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்தேர்வை விளக்குகின்றது.

எந்தக் காலம், எந்தப் பாதை

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியில் தொடர்வண்டி நிலையம் இல்லை. அவ்வூரார் தொடர்வண்டி ஏறப் பூதலூருக்குச் செல்வர். பூதலூர் வழியே செல்லும் பாதை இருமுறை அகலம் மாறியது. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து அகலப்பாதையாக இடப்பட்ட இது, 1870களில் மீட்டர்ப்பாதையாக மாற்றப்பட்டு, 1998இல் மீண்டும் அகலப்பாதையானது. இன்று அது மின்மயமாக்கப்பட்ட பாதை. ஆகவே "எங்கள் ஊர் வண்டி" என்று ஒருவர் கூறும்போது அது ஒய்பி நீராவிப் பொறியாகவோ, ஒய்டிஎம்-4 டீசல் பொறியாகவோ, அகலப்பாதை டபிள்யூடிஎம்-2 ஆகவோ, இன்றைய மின்பொறியாகவோ இருக்கலாம். இதனை முடிவு செய்யாமல் வாங்கத் தொடங்குவோரிடம், ஒன்றோடொன்று சேராத பொறிகளே சேரும்.

அளவுவிகிதம்

உலகில் அதிகம் விற்பனையாவது எச்ஓ ஆகும் (1:87). இதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. பிரித்தானியாவில் வழங்கும் ஓஓ, 1:76 விகிதத்தில் அமைந்தாலும் அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகின்றது. என் அளவு 1:160 விகிதமும் 9 மி.மீ. அகலமும் கொண்டது.

இவை எவையும் இந்தியப் பாதைகளை மனதில் கொண்டு வகுக்கப்பட்டவை அல்ல. நமது அகலப்பாதை 1676 மி.மீ. ஆதலால், 1:87இல் அது 19 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்கவேண்டும். 16.5 மி.மீ. தண்டவாளம் எச்ஓவில் குறிப்பது 1435 மி.மீ. பாதையையே. பெரும்பாலோர் இவ்வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்கின்றனர், அது தவறில்லை. பொறுக்காதவர்கள் உடற்பகுதியை ஏறத்தாழ 1:100இல் தாமே செய்து 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டலாம். ஓஓவில் வேறுபாடு இன்னும் கூடுதல் என்பதால், அகலப்பாதைக்கு அது பொருந்தாது.

மீட்டர்ப்பாதையை விரும்புவோர்க்கு எச்ஓஎம் என்ற 12 மி.மீ. அளவு உண்டு. அதில் கிடைப்பவை பெரும்பாலும் சுவிட்சர்லாந்து மலைப்பாதை வண்டிகள். விலையும் மிக அதிகம். மலிவான வழி ஒன்று உண்டு: என் அளவுப் பொறியின் 9 மி.மீ. அடிப்பகுதியை மட்டும் எடுத்து, அதன் மேல் 1:120 விகிதத்தில் அட்டையாலான ஒய்டிஎம்-4 உடலைப் பொருத்துவது. மீட்டர்ப்பாதை இவ்விகிதத்தில் 8.3 மி.மீ. ஆகும், 9 மி.மீ.க்கு மிக அருகில் வருகின்றது.

பொறியைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று மலிவான பொறிகளைவிட நன்றாக ஓடும் ஒரு பொறி மேலானது. வாங்குமுன் உடலின் அழகைப் பாராமல் அடியைத் திருப்பிப் பார்க்கவேண்டும். எல்லா அச்சுகளும் மோட்டாரால் சுழல்கின்றனவா, எல்லாச் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. ஒரு போகி மட்டும் இழுக்கும் பழைய வகைகள், சிறிது தூசு படிந்தாலும் நின்றுவிடும்.

டபிள்யூடிஎம்-2, அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு; 1960களில் வாரணாசியில் தயாரிப்புத் தொடங்கியது. அதன் மூன்றச்சுப் போகியில் அச்சுகளுக்கிடையே உள்ள இடைவெளிகள் சமமாக இரா. ஆல்கோவின் ஆர்எஸ்டி வகைப் பொறிகளிலும் இத்தகைய போகி உண்டு. ஆகையால் அவ்வகை எச்ஓ மாதிரியின் அடிப்பகுதி, இந்திய உடல் செய்வோர்க்கு ஏற்றதாகும். உண்மைப் பொறி 17.12 மீட்டர் நீளம்; எச்ஓவில் 197 மி.மீ. வரும்.

பழைய பொறி வாங்குவோர் கவனிக்கவேண்டியவை சில. மார்க்லின் நிறுவனத்தின் எச்ஓ வண்டிகள் மாறுமின்னோட்டத்தில், மூன்றாம் மின்தொடர்பு கொண்ட பாதையில் ஓடுவன. மற்றோரது 12 வோல்ட் நேர்மின்னோட்ட இருதண்டவாள முறையில் ஓடா. பெயரைக் கண்டு மயங்கி வாங்கினால் அலமாரியில்தான் வைக்கவேண்டியிருக்கும். நெகிழிப் பற்சக்கரம் வெடித்திருந்தால் பொறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நொண்டும். மிகப் பழையவற்றில் துத்தநாகக் கலவை வார்ப்பு விரிசல்விட்டு உதிர்வதும் உண்டு, இதற்கு மருந்தில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் சுங்கவரியையும் கணக்கிடவேண்டும். இந்தியா பொம்மைகள் மீதான வரியை 2020இல் 20லிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தியது. அஞ்சல் கட்டணமும் சேர்ந்தால் "தள்ளுபடி விலை" என்பது பெயரளவில்தான்.

பெட்டிகள்

பணத்தை மிச்சப்படுத்த ஏற்ற இடம் இதுவே. பெட்டிக்கு மோட்டார் தேவையில்லை. பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் (1955) அகலப்பாதைப் பயணிகள் பெட்டியின் உடல் 21.3 மீட்டர் நீளம். எச்ஓவில் 245 மி.மீ. ஆகும். தொடக்கத் தொகுப்புகளில் வரும் 457 மி.மீ. ஆரமுள்ள வளைவில் இவ்வளவு நீளமான பெட்டி நடுவில் உள்நோக்கியும் முனையில் வெளிநோக்கியும் துருத்தி நிற்கும். மேசையளவே இடமுள்ளோர் சிஆர்டி போன்ற நான்கு சக்கர மூடிய சரக்குப் பெட்டிகளை ஓட்டுவது நலம். நெல்லும் அரிசியும் ஏற்றுமதியாகும் பகுதிக்கு அது பொருத்தமான காட்சியும் ஆகும்.

அட்டையில் பெட்டி செய்ய, தடித்த திருமண அழைப்பிதழ்கள் நன்கு உதவுகின்றன. (வீட்டாரிடம் கேட்டுவிட்டு வெட்டவும்.) சக்கரத்தையும் இணைப்புக் கொக்கியையும் மட்டும் விலைக்கு வாங்கலாம், இரண்டும் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே வகையாக இருக்கட்டும். அட்டைப் பெட்டி எடை குறைந்து தடம்புரளும். அமெரிக்க மாதிரி இருப்புப்பாதையாளர் சங்கத்தின் பரிந்துரைப்படி, எச்ஓ பெட்டி ஒன்றின் எடை 1 அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் ஆகும். ஐசிஎஃப் பெட்டிக்கு இது ஏறக்குறைய 165 கிராம். திருகாணி, பழைய நாணயம் எதுவாயினும் அடித்தளத்தில் ஒட்டலாம். உயரத்தில் ஒட்டினால் கவிழும்.

தண்டவாளமும் ஈரப்பதமும்

மலிவுத் தொகுப்புகளில் வரும் எஃகுத் தண்டவாளம் ஆற்றுப்படுகையின் மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். பித்தளை கறுத்து மின்தொடர்பைக் கெடுக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளமே ஏற்றது. பெயரில் இருப்பினும் இதில் வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையே. ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்தால், பழுதென்று ஒதுக்கிய பொறிகளில் சில மீண்டும் ஓடும்.

காணத்தக்க இடங்கள்

பூனாவில் 1998இல் தொடங்கப்பட்ட ஜோஷி சிற்றுருவ இருப்புப்பாதை அருங்காட்சியகத்தில் ஓடும் மாதிரிகளைக் காணலாம். மாதிரி செய்யுமுன் உண்மையான பொறியையும் பெட்டியையும் அளந்து பார்க்க விரும்பும் மாணவர்க்குத் திருச்சிராப்பள்ளியிலும் சென்னையிலும் உள்ள தொடர்வண்டி அருங்காட்சியகங்கள் அருகிலுள்ளவை.