கண்ணைக் கட்டி விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த கதை

கட்டுரைக்குள் போகும் முன் ஒரு சின்னப் பரிசோதனை. சுழலும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் யாரையாவது விட்டு மெதுவாக, ஒரே வேகத்தில் வலப்பக்கமாகச் சுற்றச் சொல்லுங்கள். அரை நிமிடம் போகட்டும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலியை நிறுத்தச் சொல்லுங்கள். இப்போது எந்தப் பக்கம் சுற்றுகிறீர்கள்?

எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் நாலு பேர் இதைச் செய்து பார்த்தோம் (லேப் அண்ணன் வந்து துரத்தும் வரை). நாலு பேரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "இடப்பக்கம் சுத்தறேன்." நாற்காலியோ ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றால் வீடு, மரம், வாசல் எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றுமே, அதே சமாச்சாரம்தான்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது குழாய் திரும்பிவிடும், திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை "திரும்புகிறோம்" என்று தெரிந்துகொள்கிறது. ஒரு வாளித் தண்ணீரைச் சுற்றிப் பாருங்கள். முதலில் வாளி மட்டும் சுற்றும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். காதுக்குள்ளும் இப்படித்தான். ஒரே வேகத்தில் சுமார் 20 விநாடி சுற்றினால் திரவம் குழாயை எட்டிப் பிடித்துவிடுகிறது, திரும்புகிற உணர்வே போய்விடுகிறது. நிறுத்தினாலோ திரவம் மட்டும் தொடர்ந்து ஓடும். அதை மூளை எதிர்ப்பக்கச் சுழற்சி என்று எடுத்துக்கொள்கிறது.

தரையில் இது விளையாட்டு. மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கு இது எமன்.

வெளியே எதுவும் தெரியாத மேகத்தில் விமானம் மெல்ல ஒரு பக்கம் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெல்லச் சாய்வதால் காதுக்குத் தெரியாது. சாய்ந்த விமானம் திரும்பும், மூக்கு தாழும், வேகம் கூடும். விமானி, தான் நேராகப் போவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். உயரம் குறைவதைப் பார்த்ததும் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பின்னால் இழுப்பார். சாய்ந்த நிலையில் இழுத்தால் விமானம் மேலே ஏறாது, சுழல்தான் இறுகும். சரி, சாய்வை நிமிர்த்தலாம் என்றால், நிமிர்த்திய உடனே காது "ஐயோ, எதிர்ப்பக்கம் சாய்கிறோம்" என்று அலறும். அதை நம்பி மறுபடி பழைய சாய்வுக்கே கொண்டுபோவார். ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'கல்லறைச் சுழல்'.

1920களின் விமானிகளிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்! உட்கார்ந்திருக்கும் இருக்கையின் அழுத்தத்தை வைத்தே விமானம் எப்படிப் போகிறது என்று உணர்வேன் என்பதுதான் அன்று நல்ல விமானிக்கு அடையாளம். கருவியைப் பார்த்து ஓட்டுபவன் கற்றுக்குட்டி. மேகத்தில் செத்துப்போனால் அவனுக்குத் திறமை போதவில்லை என்று முடித்துவிடுவார்கள். இறந்தவர் வந்து மறுத்துச் சொல்லவா போகிறார்?

இந்த வீம்பை உடைத்தது ஒரு நாற்காலி. 1926ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிரிஸ்ஸி ஃபீல்டு என்ற ராணுவ விமான தளத்தில் டேவிட் மையர்ஸ் என்ற ராணுவ மருத்துவர் விமானிகளின் உடல்நிலையைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது பாரனி நாற்காலி. காது ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயர் கொண்ட சுழல் நாற்காலி அது. அதில் உட்கார்ந்தவர்களில் வில்லியம் ஆக்கர் என்ற மூத்த விமானியும் ஒருவர். நாங்கள் லேபில் தோற்ற மாதிரியே அவரும் தோற்றார்.

ஆக்கருக்கு இந்தத் தோல்வி வேறொன்றை நினைவுபடுத்தியது. 1918ல் ஸ்பெர்ரி நிறுவனத்தின் திருப்பமானியை அவர் சோதித்துப் பார்த்திருந்தார். ஜைராஸ்கோப்பில் இயங்கும் கருவி அது. விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முள் காட்டும். மேகத்துக்குள் முள் ஒன்று சொன்னது, உடம்பு வேறொன்று சொன்னது. ஆக்கர் உடம்பை நம்பினார், சுழன்றுகொண்டே மேகத்திலிருந்து வெளியே வந்து விழுந்தார். கருவி கோளாறு என்று அன்று நினைத்தது தவறு என்பது நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது.

திரும்பி வரும்போது கையில் ஒரு பெட்டி. உள்ளே திருப்பமானியும் சின்ன விளக்கும் வைத்து, கண்ணைப் பதித்துப் பார்க்க ஒரு துளையும் விட்டிருந்தார். மறுபடி சுற்றச் சொன்னார். இந்தத் தடவை ஒரு பதில்கூடத் தப்பவில்லை. காதும் உடம்பும் முன்போலவே பொய் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. அவர் முள்ளைப் பார்த்துப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

என்னைப் பொறுத்தவரை கருவிகளால் பறக்கும் கல்வி தொடங்கிய இடம் இதுதான். கருவி ஏற்கனவே இருந்தது. தன் உடம்பு பொய் சொல்லும் என்பதை மாணவனுக்கு அவன் உடம்பை வைத்தே காட்டும் வழிதான் இல்லாமல் இருந்தது. நாற்காலியும் பெட்டியும் சேர்ந்து அதைச் செய்தன. ஆயிரம் முறை வாயால் சொன்னாலும் ஏறாதது அரை நிமிடத்தில் ஏறியது.

ஆனால் மேலதிகாரிகளுக்கு ஏறவில்லை. ஆக்கருக்கு இதே பேச்சாகப் போய்விட்டதால் அவருக்கு மூளை சரியாக இருக்கிறதா என்று மருத்துவமனையில் வைத்துச் சோதித்ததாகக்கூடச் சொல்வார்கள். அவர் விடவில்லை. கார்ல் கிரேன் என்ற இளம் அதிகாரியோடு சேர்ந்து, பறவைக்காவது இயல்பாக இந்தத் திறமை உண்டா என்று பார்க்கப் புறாக்களின் கண்ணைக் கட்டி விமானத்திலிருந்து விட்டார்கள். புறாவாலும் முடியவில்லை. தடுமாறிப் படபடத்துக் கீழே இறங்கியது. 1930ல் ஆக்கர் விமானி அறையை முழுக்க மூடிக்கொண்டு டெக்சாஸிலிருந்து இலினாய் வரை சுமார் 900 மைல் பறந்து காட்டினார். 1932ல் ஆக்கரும் கிரேனும் எழுதிய பாடப்புத்தகம் வெளிவந்தது.

இதற்கு நடுவில், 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில் நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில் வெளியே எதையும் பார்க்காமல் கிளம்பி, சுற்றி வந்து, இறங்கியும் காட்டினார். மொத்தம் 15 நிமிடம். செயற்கைத் தொடுவானம், ஜைரோ திசைகாட்டி, நுட்பமான உயரமானி, ரேடியோ எல்லாம் அதில் இருந்தன. புத்தகங்களில் பெரிய எழுத்தில் வருவது இந்தச் சம்பவம்தான். ஒரு டாக்டர் பட்டம் பெற்ற அசாத்திய விமானி செய்து காட்டியது அது. சாதாரண மாணவனுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்தப் பதில் வந்தது ஆர்கன் வாத்தியம் செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து! நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டனில் எட்வின் லிங்க்கின் அப்பாவுக்கு ஆர்கன், பியானோ செய்யும் தொழில். மகனுக்கோ விமானப் பைத்தியம். 1920ல் 50 டாலர் கொடுத்து முதல் பாடத்துக்குப் போனார். சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளின் அவரை ஏற்றிக்கொண்டு குட்டிக்கரணம் எல்லாம் போட்டுவிட்டு இறக்கிவிட்டார். கட்டுப்பாட்டைத் தொடக்கூட விடவில்லையாம். அந்தக் கடுப்போ என்னவோ, தரையிலேயே பறக்கக் கற்றுக்கொள்ள ஒரு பொறி செய்தார் லிங்க். ஆர்கனில் காற்றை ஊதும் துருத்திகளை வைத்து ஒரு குட்டி விமானத்தை ஆடவும் சாயவும் திரும்பவும் வைத்தார். 1929ல் தயாரான அதை விமானப் படை சீந்தவில்லை. பொருட்காட்சி ராட்டினம் மாதிரி கேளிக்கைப் பூங்காக்களுக்குத்தான் விற்றது.

நிலைமை மாறப் பல உயிர்கள் போக வேண்டியிருந்தது. 1934 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட், ஊழல் புகாரால் தனியார் கம்பெனிகளின் விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்து, தபாலை ராணுவத்திடம் ஒப்படைத்தார். குளிர்காலம், பனி, இரவு. ராணுவ விமானிகளில் பெரும்பாலோருக்குக் கருவிப் பயிற்சி மிகக் குறைவு. தபால் வேலை தொடங்கும் முன்பே, வழியைப் பழகப் போன இடத்தில் மூன்று பேர் இறந்தார்கள். சில மாதங்களில் எண்ணிக்கை 12ஐத் தொட்டது. செய்தித்தாள்கள் கிழித்தன.

அப்போதுதான் ராணுவத்துக்கு லிங்க் ஞாபகம் வந்தது. அவரைச் சந்திக்க நியூவார்க் விமான நிலையத்தில் அதிகாரிகள் காத்திருந்த நாளில் வானிலை படுமோசம். இந்த மூட்டத்தில் எங்கே வரப்போகிறார் என்று கிளம்பும் நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. லிங்க் தானே ஓட்டி வந்து இறங்கினார், கருவிகளை மட்டும் பார்த்து. வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த ஆண்டே ஆறு பொறிகளை வாங்கினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அந்த 'நீலப் பெட்டி' பத்தாயிரத்துக்கு மேல் தயாரானது. மாணவன் உள்ளே உட்கார்ந்ததும் மூடியைப் போட்டுவிடுவார்கள். உள்ளே இருட்டு, ஒளிரும் முட்கள், காதில் ஆசிரியரின் குரல். வெளியே ஆசிரியரின் மேஜையில் விரித்த வரைபடத்தின் மேல் நண்டு மாதிரி ஒரு சின்ன வண்டி ஊர்ந்து, மாணவன் போன பாதையை மையால் வரைந்துகொண்டே போகும். வெளியே வந்ததும் "சார், நான் நேராத்தான் போனேன்" என்று சாதிக்க முடியாது. மைக்கோடு சாட்சி.

பொறி வந்தாலும் பாடம் சரியாக இல்லை. பழைய முறையில் திருப்பமானியின் முள், அதன் கீழே உருளும் குண்டு, வேகமானி ஆகிய மூன்றே முக்கியம். செயற்கைத் தொடுவானத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸில் விமானியாக இருந்துவிட்டு ராணுவத்துக்கு வந்த ஜோசப் டக்வொர்த் இதைப் பார்த்து நொந்துபோனார். மாணவர்களை விடுங்கள், கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே மேகத்துக்குள் ஓட்டத் தெரியவில்லை! போருக்குப் போகும் பிள்ளைகள் எதிரியைப் பார்க்கும் முன்பே மழை மேகத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். மிசிசிப்பியில் கொலம்பஸ் தளத்தில் அவர் முதலில் ஆசிரியர்களைத்தான் மாணவர்களாக்கினார். எல்லாக் கருவிகளையும் பயன்படுத்து, செயற்கைத் தொடுவானத்தை நடுவில் வை, அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி நடுவுக்கு வா என்பது அவர் முறை. பிறகு டெக்சாஸில் பிரயன் ஃபீல்டில் கருவிப் பயிற்சி ஆசிரியர்களுக்கென்றே பள்ளி நடத்தினார்.

1943 ஜூலை 27 அன்று அந்தப் பக்கம் ஒரு புயல் வந்தது. பயிற்சி விமானங்களை வேறு ஊருக்கு நகர்த்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, பயிற்சிக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விமானிகள் "இதென்ன இவ்வளவு பூஞ்சை விமானமா?" என்று கிண்டலடித்தார்களாம். டக்வொர்த் பந்தயம் கட்டி, ரால்ஃப் ஓஹேர் என்ற வழிகாட்டி அதிகாரியை ஏற்றிக்கொண்டு, ஒற்றை எஞ்சின் ஏடி-6 விமானத்தில் புயலின் கண்ணுக்குள்ளேயே போய்விட்டுத் திரும்பினார். இறங்கியதும் வானிலை அதிகாரி தானும் வருவேன் என்றார். அவரையும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் தடவை போய் வந்தார்! புயலுக்குள் விமானம் அனுப்பி ஆராயும் பழக்கத்துக்கு அதுவே பிள்ளையார் சுழி.

போர் முடிந்து சிறிய விமானங்கள் பெருகியபோது பழைய எமன் திரும்பி வந்தான். 1954ல் இலினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை விமானத்தில் ஏற்றி, பாதுகாப்புக்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்க, மேகத்துக்குள் போனது போன்ற நிலையை உண்டாக்கினார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். 19 பேர் கல்லறைச் சுழலில், ஒருவர் வேறு விதமாக. சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. ஆய்வின் நோக்கம் பயமுறுத்துவது அல்ல. கருவிகளை வைத்து வந்த வழியே திரும்பும் ஓர் எளிய முறையைக் கற்றுக்கொடுத்து, அதன்பின் அவர்களில் அநேகமாக எல்லோராலும் அதைச் செய்ய முடிந்ததையும் காட்டினார்கள். இன்று அமெரிக்காவில் சாதாரணத் தனியார் உரிமம் வாங்கவே 3 மணி நேரக் கருவிப் பயிற்சி கட்டாயம். இருந்தும் 1999ல் ஜான் கென்னடி ஜூனியர் இரவில் கடல் மேல் பறந்து இறந்தது இதே காரணத்தால்தான். கருவிப் பயிற்சியைத் தொடங்கியிருந்தார், முடிக்கவில்லை.

"சரி, கருவியை நம்பு, உடம்பை நம்பாதே, இவ்வளவுதானே?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பம்பாய் விபத்தைப் பற்றிப் படிக்கும் வரை.

1978 ஜனவரி 1, இரவு. ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747 துபாய்க்குக் கிளம்பியது. விமானத்தில் 213 பேர். கடலுக்கு மேலே வந்ததும் கும்மிருட்டு, தொடுவானம் தெரியாது. வலப்பக்கம் திரும்பிவிட்டு விமானம் நிமிர்ந்துவிட்டது. ஆனால் கேப்டன் முன்னால் இருந்த செயற்கைத் தொடுவானம் இன்னும் வலப்பக்கச் சாய்வையே காட்டிக்கொண்டிருந்தது. கருவி கோளாறு. அவர் அதை நம்பி இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். துணை விமானிக்கும் குழப்பம். ஃப்ளைட் எஞ்சினியர் வேறொரு கருவியைக் காட்டிச் சொல்ல முயன்றது ஒலிப்பதிவில் இருக்கிறது. கிளம்பிய 101 விநாடியில் விமானம் பாந்த்ரா கடலில் விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை. மற்ற கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் தப்பியிருக்கலாம் என்பதே விசாரணையில் வந்த முடிவு. மேகத்தில் மாட்டிய புதியவர் உடம்பின் ஒரே பேச்சைக் கேட்டு விழுந்தார். 18,000 மணி நேர அனுபவம் உள்ளவர் ஒரே கருவியின் பேச்சைக் கேட்டு விழுந்தார்.

அதனால்தான் இன்றும் கருவிப் பயிற்சியில் ஒரு பாடம் உண்டு. மாணவனுக்கு வெளியே தெரியாதபடி தலையில் ஒரு மறைப்பு மாட்டியிருக்கும். ஆசிரியர் கண்ணை மூடித் தலையைக் குனியச் சொல்வார். விமானத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து, திருப்பி, காதுத் திரவத்தை நன்றாகக் கலக்கிவிடுவார். அந்தச் சமயத்தில் கையோடு கொண்டுவந்த வட்டமான ரப்பர் மூடி ஒன்றைச் செயற்கைத் தொடுவானத்தின் மேல் ஒட்டிவிடுவார். பிறகு, "கண்ணைத் திற. இப்ப நீ ஓட்டு" என்பார்.