சிங்கப்பூர் சேர்ந்ததும் பிரிந்ததும்

தோட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுக் கட்டும்போது, மாதம் எவ்வளவு போடுவது, யார் முதலில் எடுப்பது, ஒருவர் இடையில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் முதலிலேயே பேசிக்கொள்கிறோம். பல நாடுகள் கூடிக் கூட்டாட்சி அமைக்கும்போதும் இப்படி ஒரு பேச்சு உண்டு. அதை எழுத்தில் வைப்பதுதான் அரசியல் சட்டம். ஆஸ்திரேலியாவின் ஆறு குடியேற்ற நாடுகள் 1901-ஆம் ஆண்டில் அவ்வாறே ஒன்றாயின. மேற்கிந்தியத் தீவுகள் 1958-இல் சேர்ந்து 1962-இல் கலைந்தன. நமக்கு அருகில் நடந்தது சிங்கப்பூரின் கதை.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826 முதல் ஒரே ஆட்சியில் இருந்தவை. போருக்குப் பின் 1946-இல் பிரிட்டிஷார் சிங்கப்பூரை மட்டும் தனியே நிறுத்தினார்கள். கடற்படைத் தளம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. சீனர் மிகுந்த அத்தீவைச் சேர்ப்பதில் மலாய்க்காரர்களுக்கும் அச்சம் இருந்தது. மலாயா 1957-இல் விடுதலை பெற்றபோதும் சிங்கப்பூர் வெளியிலேயே நின்றது.

1961 மே 27 அன்று துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூரில் பத்திரிகையாளர்களுக்கு நடந்த விருந்தில், மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக், புருணை ஆகியவற்றை இணைக்கும் எண்ணத்தை வெளியிட்டார். 1962 செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் இருந்த நம்மவர்களும் வாக்களித்தார்கள். தாளில் மூன்று வழிகள் இருந்தன. மூன்றுமே இணையும் வழிகள். 'வேண்டாம்' என்பதற்கு இடமில்லை. 100-க்கு 71 பேர் அரசு விரும்பிய வழியைத் தேர்ந்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெற்றுத் தாளைப் போட்டார். அந்த வெற்றுத் தாளும் ஒரு பதில்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

நிபந்தனைகளைக் கவனியுங்கள். கல்வியும் தொழிலாளர் விவகாரமும் சிங்கப்பூரின் கையில். பாதுகாப்பும் வெளிநாட்டுறவும் கோலாலம்பூரின் கையில். அதிகாரத்தை விடாமல் வைத்துக்கொண்டதற்கு ஈடாக, 159 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் சிங்கப்பூருக்கு 15 இடங்கள் மட்டுமே. அதன் மக்கள்தொகையில் பாதிகூட இல்லாத சரவாக்குக்கு 24. சிங்கப்பூரர் மலேசியக் குடிமகன் ஆவார். ஆனால் பாலத்துக்கு வடக்கே அவருக்கு வாக்கில்லை. அங்கே வசூலாகும் கூட்டரசு வரியில் 40 விழுக்காடு கோலாலம்பூருக்குப் போகும். இரு பக்கமும் பொதுச் சந்தை அமையும். சிங்கப்பூர்ச் சரக்கு தடையின்றி வடக்கே போகலாம் என்ற நம்பிக்கைதான் இணைப்புக்குப் பெரிய தூண்டுதல்.

புருணை சேரவில்லை. மற்றவை 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா ஆயின. பொதுச் சந்தை காகிதத்திலேயே இருந்தது. 40 விழுக்காட்டை 60 ஆக்க வேண்டும் என்று கோலாலம்பூர் கேட்டது. 1964 பொதுத் தேர்தலில் சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் போட்டியிட்டு ஒரே ஓர் இடத்தில், பங்சாரில், வென்றது. வென்றவர் மலாக்காவில் பிறந்த தேவன் நாயர். அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் சிங்கப்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே கலவரம் மூண்டு உயிர்கள் போயின. எல்லா இனத்தாருக்கும் சமநிலை என்று லீ குவான் இயூ பேசப் பேச, மலாய்க்காரரின் தனிச் சலுகைக்கு ஆபத்து என்று மறுதரப்பு கருதியது. இரு தரப்புக்கும் அச்சம் உண்மையானதுதான்.

இடையில் ஒருவர் நின்றுவிட்டால்? அதற்கு அரசியல் சட்டத்தில் வழி எழுதப்படவில்லை. 1965 ஆகஸ்டு 7 அன்று இரகசியமாக ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, 9-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆதரவு 126, எதிர்ப்பு ஒன்றுமில்லை. சேர்வதற்கு ஈராண்டுக்கு மேல் பேசியவர்கள் ஒரே நாளில் பிரிந்தார்கள். பிரிவதா என்று மக்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

அந்த ஆண்டே சிங்கப்பூர் தன் சட்டத்தில் தமிழை நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக எழுதிக்கொண்டது. ஆனால் ஜோகூர்த் தோட்டத்தில் அண்ணனும் சிராங்கூனில் தம்பியுமாக இருந்த குடும்பம் இரு நாட்டுக் குடும்பம் ஆயிற்று. 1967-இல் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை தொடங்கியது.