மண்பாண்டமும் பொக்கிஷமும்: பெப்ரீஷியஸ் ஐயரின் ஊழியம்



இந்த வாரம் 2 கொரிந்தியர் 4-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனத்தை வாசித்துத் தியானிப்போம். தேவன் தமது பொக்கிஷத்தைப் பொற்கலசத்தில் அல்ல, எளிதில் உடையும் மண்பாண்டத்தில் வைத்தார் என்று அப்போஸ்தலன் அங்கே எழுதுகிறார். அந்த வசனத்தின் பொருளைத் தமிழ்நாட்டுத் திருச்சபையின் சரித்திரத்திலேயே ஒருவருடைய வாழ்க்கையில் காணலாம். அவர் யோகான் பிலிப் பெப்ரீஷியஸ் ஐயர்.

ஜெர்மனி தேசத்தில் 1711-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் பிறந்த அவர், 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அதற்குப் பின்பு தாய்நாட்டை அவர் மீண்டும் காணவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அவருடைய வீடும் உறவும் சென்னைச் சபையே.

அவருக்கு முன்னே வேலை தொடங்கியிருந்தது. சீகன்பால்க் ஐயர் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்து, 1719-இல் முப்பத்தாறாம் வயதிலேயே மரித்தார். மீதியை ஷூல்ட்சே ஐயர் முடித்தார். ஆனால் அந்தத் தமிழ், கேட்பவர் காதில் இயல்பாக ஒலிக்கவில்லை. பெப்ரீஷியஸ் ஐயர் எபிரெய, கிரேக்க மூலங்களை ஒரு பக்கமும் தமிழ் மக்களின் பேச்சையும் நூல்வழக்கையும் மறுபக்கமும் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகத் திருத்தத் தொடங்கினார். முழங்காலில் நின்றே அவர் வேதத்தை மொழிபெயர்த்தார் என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்தனர்.

இந்த வேலைக்கு அமைதியான காலம் அவருக்குக் கிடைத்ததா? இல்லை. 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. மிஷன் சொத்துகள் அழிந்தன. அவர் டச்சுக்காரரின் வசத்திலிருந்த பழவேற்காட்டுக்குப் போய் அடைக்கலம் புகுந்தார். சென்னை மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், 1749-இல் வேப்பேரியில் ஓர் ஆலயம் மிஷனுக்குக் கொடுக்கப்பட்டது. அங்கே சபை வேரூன்றத் தொடங்கியபோது, 1758-ஆம் ஆண்டின் முடிவில் பிரெஞ்சுப் படை திரும்பவும் வந்து நகரை முற்றுகையிட்டது. வேப்பேரி கொள்ளையிடப்பட்டது. மீண்டும் பழவேற்காடு, மீண்டும் வெறுங்கையோடு ஆரம்பம்.

அதே போரிலிருந்து தேவன் ஒரு நன்மையைப் பிறப்பித்தார். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். அதை நடத்தத் தெரிந்தவர் அரசாங்கத்தில் இல்லை. தங்களுக்கு வேண்டியபோது அச்சிட்டுக் கொடுக்கவேண்டும் என்ற ஏற்பாட்டின் பேரில் அது வேப்பேரி மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. திருத்திய புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. பிரைட்டாப்ட் ஐயரோடு சேர்ந்து அவர் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் வேப்பேரியில் அச்சேறியது. ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றையும் தமிழில் பாடும்படி அவர் ஆக்கித் தந்தார்.

பிரியமானவர்களே, இவ்வளவோடு நிறுத்தினால் இது இனிய கதை. ஆனால் உண்மையை முழுமையாகச் சொல்லவேண்டும்.

பெப்ரீஷியஸ் ஐயர் சொற்களை நிறுத்துப் பார்ப்பதில் வல்லவர். பணத்தை நிறுத்துப் பார்க்க அறியாதவர். மிஷன் பணமும், பிறர் நம்பி ஒப்படைத்த பணமும் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றை வட்டிக்குக் கொடுத்தால் ஊழியம் வளரும் என்று எண்ணினார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. பணத்தை ஒப்படைத்தவர்கள் அவரிடம் கேட்டபோது கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. தமக்கென்று எதையும் சேர்த்துக்கொள்ளாத அந்த முதியவர், கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். சபை வெட்கத்திற்குள்ளானது. நம்பியவர்கள் நஷ்டமடைந்தனர். 1788-இல் கெரிக்கே ஐயர் சென்னைக்கு வந்து ஊழியப் பொறுப்பை ஏற்றார். 1791 ஜனவரி 23 அன்று, எண்பது வயது நிறைந்த மறுநாளில், பெப்ரீஷியஸ் ஐயர் மரித்தார். தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக அச்சிடப்பட்ட அவருடைய பழைய ஏற்பாடு, அவர் மறைந்தபின் 1796-இல் நிறைவுபெற்றது.

பாண்டம் உடைந்தது. பொக்கிஷம் உடைந்ததா? அவருடைய திருப்புதலைத் தமிழ் லுத்தரன் சபைகள் தலைமுறைகளாகப் பொன்னாகப் போற்றின. 1871-இல் பவர் ஐயர் தலைமையில் வெளிவந்த திருப்புதலும் அவர் இட்ட அஸ்திபாரத்தின் மேலேயே கட்டப்பட்டது. அவருடைய அகராதியை ஆதாரமாகக் கொண்ட பதிப்புகள் தரங்கம்பாடியிலிருந்து இருபதாம் நூற்றாண்டிலும் வெளிவந்தன. இன்று காலையில் நீங்கள் வேதத்தைத் திறந்து வாசித்தபோது, அந்தச் சிறைப்பட்ட கிழவரின் உழைப்பும் உங்கள் கையில் இருந்தது.

இச்சரித்திரம் நமக்கு மூன்று காரியங்களைக் கற்பிக்கிறது. முதலாவது, நம்முடைய வேதம் விலைகொடுத்து வந்தது. பலருடைய கண்ணீரும் வியர்வையும் அதில் உண்டு. அதை மேசையின்மேல் தூசி படிய விடுவது நன்றிகேடு.

இரண்டாவது, நல்ல நோக்கம் நல்ல கணக்கிற்கு ஈடாகாது. காணிக்கைப் பணத்தை ஒருவரே தனியாகச் சுமக்கும்படி விட்டால், அவரையும் சபையையும் சோதனைக்கு ஒப்புக்கொடுக்கிறோம். கணக்குக் கேட்பது அவநம்பிக்கை அல்ல. ஊழியரைக் காக்கும் அன்பு. இதை உங்கள் போதகராகிய எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூன்றாவது, தவறிய ஊழியரின் தவற்றை மறைக்கவும் வேண்டாம். தவற்றின் நிமித்தம் அவருடைய பிரயாசத்தை அழிக்கவும் வேண்டாம். வயது முதிர்ந்து தனித்திருக்கும் ஊழியர்களைத் தேடிச் சென்று விசாரியுங்கள். நட்டவரும் பாய்ச்சினவரும் கடந்துபோவார்கள். விளையச்செய்கிற தேவன் நிலைத்திருக்கிறார்.

ஜெபம்: பரம பிதாவே, உம்முடைய வசனத்தை எங்கள் தாய்மொழியில் எங்களுக்குத் தர உழைத்தவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். மண்பாண்டங்களாகிய எங்களையும் உமது ஊழியத்திற்கு எடுத்துப் பயன்படுத்தும். எங்கள் பலவீனத்தால் உமது நாமம் தூஷிக்கப்படாதபடி எங்களைக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.