கப்பலேறி வந்த பாட்டு



பெயர்ந்து சென்ற மக்களின் வரலாற்றை அரசாங்க ஏடுகள் தலைக்கணக்காக எழுதி வைக்கும். பெயர்ந்தவர்களோ அதனைப் பாட்டாகவும் ஆட்டமாகவும் காத்து வைப்பர்.

பாகான் டாலாம் கரையில் நின்றால் நீரிணைக்கு அப்பால் ஜார்ஜ் டவுன் தெரியும். நம் முன்னோர் பலருக்கு மலாயாவின் தலைவாயில் பினாங்குத் துறைமுகமே. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். 1910இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. கங்காணிகள் திரட்டிய ஆட்கள் ரப்பர்த் தோட்டங்களை நிரப்பினர். 1938இல் இந்திய அரசு இதற்கும் தடை விதித்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு எனப் பல்லாண்டு ஓடியது.

அக்கப்பல்களில் மூட்டை முடிச்சுகளோடு தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் வந்தன. மெட்டு பழையது, பொருள் புதியது. வயலும் வரப்பும் இருந்த இடத்தில் பால்மரமும் பெரட்டுக் களமும் புகுந்தன. கங்காணியின் பொய் வாக்கும் கிராணியின் அதட்டலும் பாட்டாயின. நேரில் சொல்லத் துணியாததைப் பாட்டில் சொல்லலாம் அல்லவா? 1942-43இல் சயாம் மரண ரயில் பாதைக்குச் சென்ற பல்லாயிரம் தமிழர் திரும்பவில்லை. உடலும் கிடைக்காத வீடுகளில் ஒப்பாரியே ஈமச் சடங்காயிற்று.

இது நமக்கு மட்டும் உரியதன்று. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தமிழர் சென்று இறங்கிய நேட்டால் மண்ணிலிருந்து, சூலு இளைஞர்கள் ஜொகானஸ்பர்க்கிற்குப் பிழைப்புத் தேடிப் போயினர். தங்கச் சுரங்கத் தொழிலாளர் தம் ரப்பர்க் காலணிகளைத் தட்டி ஒலியெழுப்பி ஆடிய ஆட்டம் இன்று உலக மேடைகளில் ஆடப்படுகிறது. அவ்வாறு நகரம் சென்ற சாலமன் லிண்டா 1939இல் பதிவு செய்த 'முபூபே' பாடல் உலகையே சுற்றியது.

நம் பாடல்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. இரா. தண்டாயுதம், முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தொகுத்தவை நமக்குக் கிடைத்த செல்வம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், பாடியோரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். உறுமி மேளத்தின் முழக்கம் இன்றும் நம் திருவிழாக்களில் கேட்கிறது. அம்முழக்கத்துக்குச் சொல் தந்த பாட்டிமார் குரலோ அருகி வருகிறது.

மாணவர்களே, உங்கள் பாட்டி பாடினால் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில் கற்றார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஏடுகள் எழுதாது விட்ட வரலாறு அதுவே.